ராமநாதபுரம் கடலோரத் தோட்டத்தில் பெரிய மூங்கில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பலருக்கு, வாசல் ஓரத்தில் உயரமான மூங்கில் புதர் ஒன்று நிற்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. கன்று வாங்கும் முன்பும் நட்ட பிறகும் அவர்களுக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். மூங்கில் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை மழை மிகுந்த மலைச்சரிவுக்கும் ஆற்றங்கரைக்கும் உரியவை. நம் கிணற்று உப்பையும் நம் காற்றையும் அவை கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தத் தொகுப்பு.

எங்கள் மனை முழுவதும் கடல் மணல். இதில் மூங்கில் வருமா?

வரும். மணலைக் கண்டு பயப்பட வேண்டாம். மூங்கில் மரம் அல்ல, புல் இனம். அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்கின்றன. நீர் தேங்கினால் அழுகிவிடும். மணலில் நீர் தேங்காது என்பது நல்லதுதான். ஈரமும் சத்தும் நிற்காது என்பது குறை. அதைக் கண்மாய்க் கரம்பையும் (கண்மாயில் படியும் வண்டல்) தொழுவுரமும் சருகு மூடாக்கும் சரிசெய்துவிடும்.

மூங்கில் பிழைக்குமா என்பதை நம் கரையில் முடிவு செய்பவை இரண்டு: உங்கள் தண்ணீரில் இருக்கும் உப்பு, உங்கள் மனையில் அடிக்கும் காற்று. கன்று தேடிப் போகும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

மேசை மேல் கண்ணாடிக் குவளையில் வைக்கிறார்களே, அந்த அதிர்ஷ்ட மூங்கிலைத் தரையில் நட்டால் பெரிதாகுமா?

அது மூங்கிலே அல்ல. டிரசீனா என்ற வேறு இனத்துச் செடி. வெயிலில் வைத்தால் இலை கருகும்.

நர்சரியில் "ராட்சத மூங்கில்" என்று கேட்டேன். ஆளுக்கொரு கன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

உண்மையான ராட்சத மூங்கில் என்பது டெண்ட்ரோகலாமஸ் ஜைகாண்டியஸ். கழி 25 முதல் 30 மீட்டர் வரை உயரும். அடிப்பகுதியை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடிக்க முடியாது. கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஆற்றோரமாக நிற்கும் மூங்கில் அதுதான். அந்த மண் ஆண்டில் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும். நமக்கோ ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த மூங்கிலை இங்கே நட்டால் உயிரோடு இருக்கலாம், ராட்சதமாக இருக்காது. ஆஸ்பர் என்று விற்கப்படும் இன்னொரு பெருவகைக்கும் இதே கதைதான்.

நம் கரைக்கு நான் முதலில் சொல்வது மஞ்சள் மூங்கில், அதாவது பாம்பூசா வல்காரிஸ் விட்டாட்டா. பொன்மஞ்சள் கழியில், தூரிகையால் இழுத்ததுபோல் பச்சைக் கோடுகள் ஓடும். ஒரு கணுவிடையில் இருக்கும் கோடுகள் அடுத்ததில் அதே அகலத்தில் இருப்பதில்லை. நல்ல மண்ணில் 10 மீட்டருக்கு மேல் வளரும். நம் காற்றில் அதைவிடச் சற்றுக் குறைவாக எதிர்பாருங்கள். முள் கிடையாது. வறட்சியையும் ஓரளவு உப்பையும் மற்ற அலங்கார வகைகளைவிட நன்றாகத் தாங்குகிறது.

இரண்டாவது, புத்தர் வயிறு மூங்கில். கணுவிடைகள் பானைபோல் உப்பி நிற்பதுதான் அதன் அழகு. தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் அது உப்பாமல் நெட்டையாக ஓடிவிடும். கொஞ்சம் காய்ந்த மண்ணில்தான் வயிறு வைக்கும். நம் மாவட்டம் குறையாகக் கருதும் வறட்சி இந்த ஒரு செடிக்கு உதவுகிறது. பீமா மூங்கில் என்று விளம்பரம் செய்யப்படுவது பால்கூவா வகையில் தேர்ந்தெடுத்தது. அது கழிக்கும் விறகுக்கும் உரியது, அழகுக்கு அல்ல.

கறுப்பு மூங்கில் வேண்டும் என்று மகள் கேட்கிறாள்.

கறுப்பு மூங்கில் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. ஒன்று சீனாவின் குளிர்ப்பகுதிக்கு உரியது. தரைக்கடியில் ஓடிப் பரவும் இனம், நம் வெயிலில் நிம்மதியாக இருக்காது. மற்றொன்று ஜாவாவின் கறுப்பு மூங்கில். புதராக நிற்கும், ஆனால் நல்ல தண்ணீரும் ஈரக்காற்றும் கேட்கும். இனிப்புத் தண்ணீர்க் கிணறும், காற்று மறைவும் இருந்தால் இரண்டாவதை முயலுங்கள். இல்லையென்றால் மகளிடம் புத்தர் வயிற்றைக் காட்டுங்கள்.

எங்கள் தண்ணீர் கொஞ்சம் உப்புதான், ஆனால் குளிக்கிறோம், துணி துவைக்கிறோம். மூங்கிலுக்கு ஊற்றலாம் அல்லவா?

"கொஞ்சம் உப்பு" என்ற அளவை நாக்கால் முடிவு செய்யாதீர்கள். குடிநீர்க் கருவி பழுதுபார்க்க வருகிறவர் கையில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், அதில் ஒரு குவளைத் தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள். பாசன நீருக்கான பொதுவான அளவுகோல் இது: லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே கவலை இல்லை, 450 முதல் 2,000 வரை கவனமாகப் பயன்படுத்த வேண்டும், 2,000-க்கு மேல் பெரும்பாலான செடிகளுக்குக் கேடு. மூங்கிலுக்கு, அதிலும் இளங்கன்றுக்கு, 1,000-ஐத் தாண்டினாலே நான் தயங்குவேன். நன்றாகத் தூர் கட்டிய மஞ்சள் மூங்கில் இன்னும் சற்றுத் தாங்கும்.

அளவைச் சித்திரைக் கடைசியில் எடுங்கள். மார்கழியில் மழைநீர் கலந்து இனிக்கும் கிணறு, கோடையில் வேறு கிணறாக இருக்கும். மண்ணையும் சேர்த்துச் சோதிக்க நினைத்தால் அரசின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. உவர் நிலம் பற்றிய சந்தேகங்களை அங்கே கேட்கலாம்.

ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் வராதா?

கடலோர மணலில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். பெய்த மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அதனால்தான் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி இனிப்பான ஊற்றுநீர் எடுக்க முடிகிறது. ஆழமாகக் குழாய் இறக்கி வேகமாக இறைத்தால், அந்த அடுக்கைத் தாண்டி உப்புநீர் மேலேறி வரும். ஒருமுறை ஏறினால் இறங்க நாளாகும். ஆழமில்லாத உறைகிணறு, சிறிய மோட்டார், விட்டுவிட்டு இறைப்பது. இதுதான் வழி. கூரை மழைநீரைக் கிணற்றருகே மணலில் இறக்கிவிடுவது இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் அவசியம். மூங்கிலுக்காகச் செய்தாலும் பலன் குடும்பத்துக்குத்தான்.

ஆர்.ஓ. கருவியிலிருந்து வீணாகும் தண்ணீரைத் திருப்பிவிடட்டுமா?

வேண்டாம். கருவி நீக்கிய உப்பு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. கிணற்று நீரைவிட உப்பு கூடியது. கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். அரிசி, காய்கறி கழுவிய நீரை ஊற்றலாம். மீன் கழுவிய நீரும் உப்புப் போடாததாக இருந்தால் நல்லதே.

வீட்டைச் சுற்றி எந்த இடத்தில் நடுவது?

காற்றை வைத்து முடிவு செய்யுங்கள். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் வைகாசியிலிருந்து ஆவணி வரை தெற்கிலும் மேற்கிலும் இருந்து மணலை வாரி அடிக்கும் காற்று இலையைக் கிழித்துவிடும். அங்கே வீட்டின் வடகிழக்கு மூலைதான் மூங்கிலுக்கு மறைவு. தேவிபட்டினம், தொண்டி போலப் பாக் நீரிணையைப் பார்த்த ஊர்களில் வாடைக்காற்று உப்புத் துளியோடு வரும். வீட்டுக்கு மேற்கே நடுங்கள். மண்டபம், பாம்பன்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கடல். அவர்கள் முதலில் பூவரசு, புன்னை, சவுக்கு என்று ஒரு வேலி மர வரிசையை எழுப்பிவிட்டு, அது ஆள் உயரம் தாண்டிய பிறகு மூங்கிலுக்கு வரட்டும்.

சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி நடுங்கள். கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றுக்கும் அதே இடைவெளி வேண்டும். மேலே மின்கம்பி போகும் இடம் கூடவே கூடாது. நட்ட அன்று கன்று இடுப்பு உயரம்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மூங்கில் வேர் பரவி வீட்டையே பிளந்துவிடும் என்கிறார்களே?

அந்தப் பேச்சு ஓடிப் பரவும் குளிர்நாட்டு இனங்களைப் பற்றியது. மேலே சொன்ன மஞ்சள் மூங்கிலும் புத்தர் வயிறும் தூர் கட்டி நிற்கும் இனங்கள். அவற்றின் கிழங்கு, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்டு, ஆண்டுக்குச் சில அங்குலங்கள் வெளியே நகரும், அவ்வளவே. அஸ்திவாரத்தைத் துளைக்காது. ஆனால் சுற்றுச்சுவரை ஒட்டி நட்டால், பெருத்துவரும் தூர் அந்தச் சுவரைத் தள்ளும். ஆழமில்லாத அஸ்திவாரத்தில் கட்டிய சுவர் விரிசல் விடும். அதற்காகத்தான் அந்த 3 மீட்டர்.

எப்போது, எப்படி நடுவது?

புரட்டாசிக் கடைசியில் குழியைத் தயார் செய்து, ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கியதும் நடுங்கள். மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். மண்ணில் இருக்கும் உப்பும் கீழே இறங்கியிருக்கும். ஆடியில் நட்டுவிட்டு உப்புத் தண்ணீரைக் காட்டினால் கன்று மழையைப் பார்க்காமலே போய்விடும்.

குழி மூன்றடி நீள அகல ஆழம். எடுத்த மணலில் பாதியைத் தள்ளிவிட்டு, அதற்குப் பதில் கண்மாய்க் கரம்பையும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். நெல் நன்றாக விளையும் கண்மாயின் கரம்பையாகப் பாருங்கள். களர் ஓடிய கண்மாய் மண் வேண்டாம். கன்றைப் பையில் இருந்த ஆழத்துக்கே நட்டு, சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். பனை ஓலையை நறுக்கிப் போட்டால் காற்றில் பறக்காது.

நட்டு ஒரு வருடம் ஆகிறது. விரல் தடிமனில்தான் கழி வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. மூங்கில் கழி தரையிலிருந்து என்ன தடிமனில் வெளிவருகிறதோ, ஆயுள் முழுவதும் அதே தடிமன்தான். வேம்புபோல் நின்ற இடத்தில் பெருக்காது. அடியில் கிழங்கு பெருகப் பெருக, அடுத்தடுத்து வரும் முளைகள்தான் பருமனாக வரும். முதல் ஆண்டு விரல், பிறகு விளக்குமாற்றுப் பிடி, நான்கைந்து ஆண்டுகளில் மணிக்கட்டைத் தாண்டும். தடித்த முளை வந்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும்.

அந்த முளையை ஒருமுறை அருகில் உட்கார்ந்து பாருங்கள். கூம்பாக, ஒன்றன்மேல் ஒன்றாக உறை போர்த்தி, விளிம்பில் கருப்புப் பழுப்பு ரோமத்தோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். காலையில் உறை நுனிகளில் நீர்முத்து கோத்திருக்கும். அது பனி அல்ல, வேர் உறிஞ்சி மேலேற்றிய தண்ணீர். கையால் தடவ வேண்டாம், அந்த ரோமம் தோலில் ஏறினால் நாள் முழுவதும் அரிக்கும். மெலிந்த பழைய கழிகளை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அடுத்த முளைக்கு உணவு அவற்றின் இலையில்தான் தயாராகிறது.

இலை மஞ்சளாகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

எந்த இலை, எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள். மாசி, பங்குனியில் பழைய இலைகள் ஒட்டுமொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்து, கூடவே புதுத் துளிர் வந்தால் அது வழக்கமான இலையுதிர்வு. எதுவும் செய்ய வேண்டாம்.

பழைய இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்து பழுப்பானால் உப்பு. மருந்து இல்லை, நல்ல தண்ணீர் கிடைக்கும் அன்று தூர் மூழ்க ஊற்றி உப்பைக் கீழே தள்ளுங்கள். கடல்காற்று அடித்த மாலைகளில் இலைகளையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடிட்டு நின்றால் இரும்புச்சத்துக் குறை. சிப்பித் தூள் நிறைந்த நம் மணலில் இது மிகவும் சகஜம். சுண்ணாம்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். இந்த மண்ணில் சாம்பலும் சுண்ணாம்பும் தூரில் கொட்டவே கூடாது.

ஜிப்சம் போட்டால் உப்பு போய்விடும் என்கிறார் உரக்கடைக்காரர்.

ஜிப்சம் களர் மண்ணுக்கு உரிய வைத்தியம். சோடியம் ஏறி, நனைந்தால் குழைந்து, காய்ந்தால் பாறையாகும் மண் அது. கடலோர மணலில் இருப்பது பெரும்பாலும் உவர், அதாவது கரைந்த உப்பு. அதற்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கீழே இறக்குவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. மண் பரிசோதனையில் களர் என்று வந்தால் மட்டும் ஜிப்சம் வாங்குங்கள்.

கருவாட்டுக் கழிவும் கரை ஒதுங்கிய பாசியும் இலவசமாகக் கிடைக்கின்றன. உரமாகப் போடலாமா?

கருவாட்டுக் கழிவு கூடாது. அது உப்புப் பிடித்தது. உப்புப் போடாத மீன் கழிவைச் சாணத்தோடு குழியில் புதைத்து மட்க வைத்துப் போட்டால் மூங்கில் கருகருவென்று வரும், ஏனென்றால் அதற்கு மிகவும் பிடித்தது தழைச்சத்து. மட்காமல் போட்டால் நாய்கள் தூரையே தோண்டிவிடும். கரை ஒதுங்கிய பாசியை ஒரு மழைக்காலம் முழுவதும் திறந்த வெளியில் குவித்து நனையவிட்டு, உப்பு கழுவிப் போன பிறகு மூடாக்காகப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல உரம் மூங்கிலின் சொந்தச் சருகு. அதைக் கூட்டிப் பெருக்கி எரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தூரிலேயே கிடக்க விடுங்கள்.

சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறேன். முதல் மழைக்குப் பிறகுதான் இலை கருகியது. மழை எப்படிக் கெடுக்கும்?

கெடுத்தது சொட்டுநீர் ஒதுக்கிவைத்த உப்பு. சொட்டும் இடத்தைச் சுற்றி ஈரம் எதுவரை போகிறதோ, அந்த விளிம்பில் உப்பு வளையமாகப் படியும். வெள்ளைப் பூத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் தூறல் அந்த உப்பைக் கரைத்து வேர்ப்பகுதிக்குள் தள்ளிவிடுகிறது. அதனால் முதல் சிறுமழையின்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். நல்ல மழை பிடித்து உப்பு அடியில் போன பிறகு நிறுத்துங்கள்.

ஆடு தின்னுமா?

விரும்பித் தின்னும். நம் தெருக்களில் ஆடுதான் மூங்கிலின் முதல் எதிரி. நுனியைக் கடித்துவிட்டால் அந்த முளை அதோடு நின்றுவிடும். முதல் மூன்று ஆண்டுகள் வலை அல்லது உடைமுள் வேலி அவசியம். பச்சை மூங்கில் முளையில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. மனிதர்கள் சமைப்பதாக இருந்தால் நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும்.

பாம்பு அடையும் என்று அண்டை வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அடர்ந்த தூரில் எலி தங்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கழிகளுக்கு இடையே கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு வெட்டிவிடுங்கள். முழங்கால் உயரம் வரை பக்கக்கிளைகளை நறுக்குங்கள். சருகு மூடாக்கு இருக்கட்டும், ஆனால் விறகு, ஓடு, தேங்காய் மட்டை எதையும் தூரில் அடுக்காதீர்கள்.

மாமியார், "பாடைக்கு வெட்டும் மூங்கிலை வாசலில் வைக்கலாமா?" என்கிறார். பூத்தால் பஞ்சம் வரும் என்றும் பயம்.

பந்தல்காலும் அதே மூங்கில்தான். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் தலமரம் மூங்கில்; அந்த ஊருக்கே வேணுவனம் என்று பெயர் உண்டு. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் கொல்லையில் நடுங்கள். பெரியவர் மனம் நோக வளர்க்கும் செடியால் யாருக்கு மகிழ்ச்சி?

பஞ்சக் கதைக்குக் காரணம் இருக்கிறது. சில மூங்கில் இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒரே நேரத்தில் பூத்து, விதை கொட்டி மடியும். அந்த விதையைத் தின்று எலிகள் பெருகி, பிறகு வயல்களில் இறங்கும். மிசோரமில் 1959-ஐ ஒட்டி அப்படித்தான் பஞ்சம் வந்தது. மஞ்சள் மூங்கில் பூப்பது மிக அரிது; பூத்தாலும் விதை பிடிப்பதில்லை.

எங்கள் புதரிலிருந்து தங்கைக்கு ஒரு கன்று எடுத்துக் கொடுக்க முடியுமா?

முடியும். மஞ்சள் மூங்கில் குச்சியிலேயே வரும். ஒன்றிரண்டு ஆண்டு வயதான கழியை இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, அவற்றுக்கு நடுவே உள்ள கணுவிடையில் துளையிட்டுத் தண்ணீர் நிரப்பி, துளையை அடைத்து, நிழலில் ஈரப் பாத்தியில் படுக்கவைத்து மூன்று விரல் மண் மூடுங்கள். துளிர் முதலில் வரும், வேர் பின்னால் வரும். துளிரைக் கண்ட மகிழ்ச்சியில் பிடுங்கினால் வெறும் குச்சிதான் கையில் வரும். தங்கையைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டுமா? எப்படி வெட்டுவது?

1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்தால், வனப்பகுதிக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் தோட்டத்து மூங்கிலை நீங்கள் வெட்டலாம்.

மூன்று ஆண்டு கடந்த கழிகளை மட்டும், மழைக்காலம் முடிந்த தை, மாசியில் எடுங்கள். நிறம் மங்கி, உறை முழுவதும் உதிர்ந்து, தட்டினால் கணீரென்று ஒலிப்பவை அவை. தரையை ஒட்டிய ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவிடையின் நடுவில் வெட்டினால் அடிக்கட்டை ஒரு குவளையாக நின்று மழைநீரைப் பிடிக்கும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அதுவே போதும்.

வெட்டிய கழியைக் கடல்பாசி மிதவைக்கு விற்க முடியுமா?

பாக் நீரிணைக் கரையில் பாசி வளர்க்கும் பெண்கள் 12 அடிக்கு 12 அடி சதுர மூங்கில் மிதவை கட்டுகிறார்கள். மூங்கிலுக்குத் தேவை உண்டு. ஆனால் அவர்களுக்கு வேண்டியது நேரான, உறுதியான, ஒரே பருமனான கழி. மஞ்சள் மூங்கிலில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில வாரங்களில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்தால் வண்டுத் தொல்லை குறையும். அந்தக் கழி வீட்டுப் புடலைப் பந்தலுக்கும் கொடிக்கும் தாராளமாகப் போதும். அவர்கள் உழைப்பு அந்த மிதவையில்தான் மிதக்கிறது. நம் அலங்காரக் கழியை அதற்குத் தள்ளிவிட வேண்டாம்.

புயல் அடித்தால் வீட்டின் மேல் சாயாதா?

மூங்கில் வளைந்து கொடுக்கும். ஒற்றை மரம்போல் வேரோடு விழுவது குறைவு. ஆபத்து உயரமான, தலைப்பாரம் கூடிய இளங்கழிகளில். ஐப்பசி பிறப்பதற்குள் வீட்டுப் பக்கம் சாய்ந்தவற்றை அடியோடு எடுத்துவிட்டு, மற்றவற்றின் நுனியில் கால் பங்கை நறுக்கிவிடுங்கள். எடுத்த இடத்தில் அடுத்த ஆண்டு புதுக்கழி வந்துவிடும். தூரில் மண் அரித்துக் கிழங்கு வெளியே தெரிந்தால் கரம்பையும் உரமும் போட்டு அணைத்துவிடுங்கள்.

நட்டு ஆறு ஆண்டுகள் நன்றாக நின்றது. இப்போது கிணறு உப்பாகிவிட்டது. எடுத்துவிடுவதா?

உடனே வேண்டாம். முதிர்ந்த புதருக்குத் தண்ணீர் இல்லாத கோடையைவிட உப்புத் தண்ணீர் ஊற்றிய கோடைதான் கடினம். உப்பு நீரை நிறுத்துங்கள். கழிகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி இலைப்பரப்பைக் குறையுங்கள், மூடாக்கை இரட்டிப்பாக்குங்கள், கூரை மழைநீரைத் தூரை நோக்கித் திருப்புங்கள். இலை உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் கிழங்கு உயிரோடு இருக்கும். கார்த்திகை மழைக்குப் பிறகும் ஒரு முளைகூட வரவில்லை என்றால்தான் போய்விட்டதாகக் கொள்ளலாம்.

அப்போது எல்லாக் கழிகளையும் தரையோடு வெட்டி, தப்பித் தவறி வரும் முளைகளையும் ஒரு பருவம் முழுவதும் ஒடித்துவிட்டு, மண் ஈரமாக இருக்கும்போது ஜே.சி.பி. வைத்துக் கிழங்கை எடுங்கள். அந்தக் குழியில் பூவரசுப் போத்து ஒன்றை ஊன்றலாம். அது உப்பைப் பொருட்படுத்தாது.